மோட்டார் போனில் வந்த குரல்

பெருமாட்டிப் பக்கம் என் தோப்பைத் தெரியாதவர்கள் குறைவு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறையாகக் கிடந்த இடத்தைத் திருத்தி, போர்வெல் போட்டு, தென்னை வைத்துக் காய்க்க வைத்தது இந்தக் கைதான். இங்கே செல்போனில் மோட்டார் ஓட்டிய முதல் ஆளும் நானே. கரண்ட் வந்ததும் மோட்டார்ப் பெட்டியிலிருந்து போனுக்கு அழைப்பு வரும். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, ஓட ஒன்றை அமுக்கவும், நிறுத்த இரண்டை அமுக்கவும் என்று சொல்லும். அமுக்கினால் தண்ணீர் பாயும்.

அந்தப் போனுக்கு நான் பூட்டுப் போட்டதில்லை. மோட்டார் ரூம் ஜன்னலில் இருக்கும். யார் கைக்கு எட்டுகிறதோ அவர்கள் எடுத்து அமுக்கலாம். என்னை அப்பாரு என்று கூப்பிடும், மூன்றாவது படிக்கும் என் பேத்தியும் அமுக்குவாள். தேங்காய் ஏற்ற வருகிறவர்களிடம், "எங்கூட்டு மோட்டார் ஆப்பரேட்டருங்க" என்று அவளைக் காட்டுவேன்.

மற்ற நேரத்தில் அதிலேயே கார்ட்டூன் பார்ப்பாள். நடுநடுவே விளம்பரம் வரும். சீட்டாட்டம், அரைகுறைத் துணியில் பெண்கள், 'தனிமையா, பேசலாம் வா' என்று கூப்பிடும் பொம்மை முகங்கள். ஈயை விரட்டுவதுபோல் விரலால் தள்ளிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பேன்.

மருமகளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க மாமா, அந்தப் போனுக்கு ஒரு லாக்குப் போடுங்க. கண்டதெல்லாம் வருதுங்க."

"அது மோட்டாருப் போனு அம்மிணி. பூட்டி வெச்சா தென்னைக்கு நீ வந்து தண்ணி ஊத்துவியா?"

"கொடத்துல ஊத்தறனுங்க மாமா. அதுக்காச்சும் பூட்டுங்க."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. கரண்ட் இல்லை. தோப்பில் ஓலைகூட அசையவில்லை. மோட்டார் ரூம் பக்கம் வந்தபோது உள்ளே பேத்தி யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவை யாரும் சாத்துவதில்லை.

தள்ளினேன். போனை மோட்டார்ப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் ஒரு மூலையில் அவள் முகம். மீதி இடமெல்லாம் சிரிக்கும் பொம்மை.

"கதவ எதுக்குச் சாமி சாத்துன?"

"இந்தப் பொம்மதானுங்க, அப்பாரு, சாத்தச் சொல்லுச்சு. பக்கத்துல ஆராச்சும் இருந்தா ரெண்ட அமுத்தோணுமாம், இல்லீன்னா ஒண்ணாம். நான் ஒண்ணு அமுத்துனனுங்க."

பொம்மை பேசியது. தேன் தடவிய குரல்.

"யாரு கண்ணு வந்தது?"

மோட்டார்க் குரல் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. போனை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மருமகள் போனை வாங்கிப் பார்த்தாள். பேத்தி விளம்பரத்தைத் தொட்டதும் ஏதோ ஆப் இறங்கியிருக்கிறது. கேமரா வேண்டுமா, பெயர் வேண்டுமா, நம்பர் வேண்டுமா என்று அது கேட்கக் கேட்க குழந்தை எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கியிருக்கிறாள். எங்கள் தோப்பில் போன் கேட்டால் அமுக்குவதுதானே வழக்கம். ஆப்பை அழித்தோம். ஸ்டேஷனில் சொன்னோம். நம்பரை மாற்றிவிடுங்கள் என்றார்கள். பொள்ளாச்சி மண்டி வரைக்கும் தெரிந்த நம்பர் அது. மாற்ற மனசு வராமல், சிம்மை மட்டும் பட்டன் போனில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கரண்ட் இல்லை. பட்டன் போன் அடித்தது. கரண்ட் இல்லாமல் மோட்டார் கூப்பிடாது. எடுத்தேன். அதே தேன் குரல், என் பேத்தியின் பெயரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டது.

சிம்மைப் பிடுங்கி மருமகள் கையில் கொடுத்தேன்.

"தண்ணிக்கு, மாமா?"

"நானே போயி சுச்சப் போட்டுக்கறேன்."

பேத்தி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது எம்பட பள்ளிக்கோடம் எதுன்னும் கேட்டுச்சுங்க அப்பாரு."

மருமகளின் கை நின்றது. "சொன்னயா?"

பேத்தி இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலில் நான்தான் நிற்கிறேன். சித்தூர் வரை ஓடுகிற வண்டிகளில் பாதி யாருடையது என்று என்னால் சொல்ல முடியும். மீதி வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.