சம்பங்கி ஓட்டிய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்

நமீபியாவில் கீட்மன்ஸ்ஹூப் என்றொரு ஊர். அங்கே ஆஸ்பத்திரிக்குள் வெங்கடப்பனின் வலது மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சம்பங்கிக்கு ஒரே யோசனைதான். இனி ஜீப்பை யார் ஓட்டுவது?

ஓசூரை விட்டுக் கிளம்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஜீப்பைக் கப்பலேற்றி, மொம்பாசாவில் இறக்கி, கென்யா, தான்சானியா, மலாவி, ஜாம்பியா, போட்ஸ்வானா என்று புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினாறாயிரம் கிலோமீட்டர் வந்தாயிற்று. ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனையில் பயணத்தை முடிப்பதாகத் திட்டம். அதற்கு இன்னும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பாக்கி. அன்று காலையில், ஊரை ஒட்டிய முகாமில், ஜீப்பின் கூரைமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது வெங்கடப்பன் கால் வழுக்கி விழுந்துவிட்டார்.

இந்தப் பயணமே அவருடைய ஆசைதான். ஓசூரில் ஒரு லாரி ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் டெஸ்ட் டிரைவராக இருந்தவர். லைனிலிருந்து இறங்குகிற புது லாரியை ஃபேக்டரிக்குள்ளேயே வட்டமாகப் போட்டிருக்கும் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது வேலை. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டினாரோ, காம்பவுண்டைத் தாண்டவில்லை. ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கி இரண்டு வருஷம் அதோடேயே கிடந்தார். ஆப்பிரிக்கா போகலாமா என்று அவர் கேட்டபோது சம்பங்கி மறுக்கவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஓசூரில் வாழ்க்கைப்பட்டு, சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் நின்றபடியே வேலை செய்தவர் அவர். தனக்கும் ஊர் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று சொன்னார், அவ்வளவுதான்.

சம்பங்கியிடம் லைசென்ஸ் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் மகள் மேகலா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோது துணைக்குப் போனவர், தானும் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டே தடவை, வீடு இருக்கும் லேஅவுட் தெருவில் கார் ஓட்டினார். இரண்டு தடவையும் வெங்கடப்பன் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை சம்பங்கி சாவி கேட்கவில்லை. பயணத்துக்குக் கிளம்பும்போது, ஒருவருக்கு முடியாமல் போனால் உதவும், இரண்டு பேருக்கும் சர்வதேச பர்மிட் எடுத்துவிடுங்கள் என்று ஏஜெண்ட் சொன்னதால் அவருக்கும் ஒன்று எடுத்திருந்தார்கள்.

கட்டோடு வெளியே வந்த வெங்கடப்பன், ஜீப்பை ஏதாவது டிரெய்லரில் ஏற்றி நேரே கேப் டவுன் துறைமுகத்துக்கு அனுப்பிவிடலாம், அகுல்யாஸ் இல்லாவிட்டால் போகட்டும் என்றார்.

"நான் ஓட்டறன்" என்றார் சம்பங்கி.

"இது லாரிங்க போற ரோடு. நம்ம லேஅவுட் இல்ல."

"லேஅவுட்லயும் நீங்க ஓட்ட விடலியே."

இரண்டு நாள் முகாமிலேயே தங்கி, காலி மைதானத்தில் ஜீப்பை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினார். கிளட்ச் அழுத்தவே இடது கால் முழுக்க வேண்டியிருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்ததும் கால் எட்டியது. மூன்றாம் நாள் காலையில் தெற்கே கிளம்பினார்கள். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டும் நாடு என்பது ஒரு ஆறுதல்.

முதல் நாள் வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. லாரிகள் ஹாரன்கூட அடிக்காமல் ஒதுங்கி முந்திப் போயின. வெங்கடப்பன்தான் சும்மா இருக்கவில்லை. கியர் குறை என்பார், கண்ணாடியைப் பார் என்பார், எதிரே எதுவும் வராதபோதும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். மத்தியானம் ஆனதும் சம்பங்கி வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏங்க, நான் ரோட்டப் பாக்கறதா, உங்க காலப் பாக்கறதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றுதான் சம்பங்கி நினைத்தார். ஒரு மணி நேரம் கழித்து வெங்கடப்பனே பேச்செடுத்தார். அந்த மலை மேசை மாதிரி தட்டையாக இருக்கிறது பார், அங்கே நெருப்புக்கோழிகள் ஓடுகின்றன பார் என்று காட்டிக்கொண்டே வந்தார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, நாலு மாதமாகத் தான் பார்த்ததெல்லாம் பள்ளமும் மேடும் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கமும்தான் என்று ஒப்புக்கொண்டார். ஜாம்பியாவில் யானைக்கூட்டம் போனதை சம்பங்கி எத்தனை முறை சொல்லியிருக்கிறார், அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆரஞ்சு ஆற்றைக் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்த மறுநாள், ஆளே இல்லாத ஒரு ஏற்றத்தில் எஞ்சின் தானாக நின்றது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார் வெங்கடப்பன். இடது கையால் அதைக் கழற்ற முடியாமல் தவித்தார். சம்பங்கி பானெட்டுக்குள் தலையை விட்டு, வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். டீசல் போகும் வால்வுக்கு மின்சாரம் கொடுக்கிற கம்பி, முனையில் ஒடிந்து, தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதக் குலுக்கல். பெட்டியிலிருந்து புது முனை ஒன்றை எடுத்து, கம்பியின் தோலைச் சீவி, நுழைத்து, கட்டிங் பிளேயரால் நசுக்கி, இழுத்துப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எஞ்சின் முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது.

"இதத்தான் கம்பெனில செஞ்சுட்டு இருந்தியா?" என்று கேட்டார் வெங்கடப்பன்.

"ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு."

இருவரும் ஒரே சிப்காட்டில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் வேலையை ஒருவர் பார்த்ததில்லை. அன்று முழுக்க வெங்கடப்பன் கம்பெனியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். சூப்பர்வைசர் யார், சாப்பாட்டு நேரம் எவ்வளவு, கால் வலிக்காதா என்றெல்லாம். சம்பங்கி ஓட்டியபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

கேப் டவுனில் மழை பிடித்துக்கொண்டது. தப்பான தடத்தில் போய், மேம்பாலத்தில் ஏறி, இறங்க வழி தெரியாமல் இரண்டு தடவை ஒரே இடத்துக்கு வந்து நின்றார் சம்பங்கி. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். இனி முடியாது என்றார். வெங்கடப்பன் இறங்கிப் போய், தங்கும் இடத்துக்கு வழி கேட்டு வந்து, சம்பங்கி மறுபடி வண்டியை எடுத்ததும் ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. தான்சானியாவில் வாங்கிய ராகி மாவில் ஒரு கை மிச்சம் இருந்தது. சம்பங்கி அதில் கூழ் காய்ச்சினார். குடித்துவிட்டு, போகலாமா என்று அவரே கேட்டார்.

அகுல்யாஸில் காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு சமுத்திரம் சேரும் இடம் என்று கல்லில் எழுதியிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் ஒரே நிறமாகத்தான் இருந்தது. இருவரும் பாறைமேல் உட்கார்ந்தார்கள். சம்பங்கி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அப்புறம் மேகலாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்து மகள் பதறினாள். அப்படியென்றால் யார் ஓட்டியது என்று கேட்டாள்.

"உங்கம்மாதான்" என்றார் வெங்கடப்பன். "நல்லா ஓட்டறா."

முப்பத்தோரு வருஷம் லாரிகளுக்குச் சரி சொன்ன மனிதர் அதைச் சொன்ன தோரணையில், சம்பங்கிக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் நிறைந்தது.

ஜீப் கப்பலில் வர, அவர்கள் பெங்களூருக்கு விமானத்தில் வந்து ஓசூர் வீட்டைத் திறந்தார்கள். லேஅவுட்டுப் பெண்கள் வந்து, அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சிங்கம் பார்த்தீர்களா என்று ஒருவரும் கேட்காதது சம்பங்கிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஜூலை முதல் வாரத்தில் ஜீப் சென்னைக்கு வந்து சேர்ந்தது. வெங்கடப்பனின் கட்டைப் பிரித்து நாளாகியிருந்தது. துறைமுகத்தில் சாவி கைக்கு வந்ததும் அவர் யோசிக்காமல் அதை சம்பங்கியிடம் நீட்டினார். வேலூர், வாணியம்பாடி தாண்டி, கிருஷ்ணகிரிக்கு வெளியே சாலையோரம் நீலம் மாம்பழம் குவித்து வைத்திருந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஜீப்பில் சாய்ந்து நின்றபடி ஆளுக்கு இரண்டு பழம் தின்றார்கள். ஓசூருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தானே, மீதியைத் தான் ஓட்டட்டுமா என்று வெங்கடப்பன் கேட்டார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு, சம்பங்கி எஞ்சினைக் கிளப்பினார்.