பாஞ்சுவை அனுப்பிவைத்த லதிகா

மூங்கில் கட்டும் ஆண்கள் ஒரு கூட்டமே ஒரு பெண்ணின் பேச்சுக்கு ஏறி இறங்கியது. சாரத்திலிருந்து விழுந்த அண்ணனின் தொழில் அவனோடு விழாமல் நின்றது. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவளுக்கு வடகொல்கத்தாவில் பூஜை நடத்தும் கிளப்காரர்கள் நாற்காலி இழுத்துப் போட்டது. லதிகா மைத்தி ஜெயித்தவை இவை. இவற்றோடு பாஞ்சுவையும் சேர்க்க வேண்டும். அதில்தான் அண்ணன் நிதாய்க்குப் பாதி உயிர் போய்விட்டது.

துர்கா பூஜைப் பந்தலுக்கு நிரந்தர ஆள் என்று யாரும் கிடையாது. ஜூலை வாக்கில், ரத யாத்திரை சமயத்தில் மேதினிபூரிலிருந்து கூட்டம் சேரும். பந்தலைப் பிரித்ததும் கலைந்துவிடும். நிதாயின் கூட்டத்துக்குச் சமைக்கத்தான் லதிகா முதலில் வந்தாள். அவன் விழுந்து முட்டி மடங்காமல் போன பிறகு, யாரை எங்கே ஏற்றுவது என்று அவளே சொல்லத் தொடங்கினாள். கிளப்போடு போடும் ஒப்பந்தத்தில் மட்டும் நிதாயின் கையெழுத்து.

அந்த வருஷம் நவீன் சங்கம் என்ற கிளப்புக்குக் குவிமாடப் பந்தல். மூங்கிலை அப்படி வளைத்துக் கட்டுகிறவன் பாஞ்சு ஒருவன்தான். அவனைப் போய், ஆகஸ்ட் நடுவில், பக்கத்துத் தெருப் பந்தலைக் கட்டும் மேஸ்திரி பரேஷிடம் லதிகா தானே பேசி அனுப்பிவைத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா லதி? பரேஷ் விடுவானா அவனை?"

"ஒரு மாசத்துக்குத்தாண்ணா. இப்ப இங்க அவனுக்கு என்ன வேலை இருக்கு?"

"வேலை இல்லேன்னா உக்காரட்டுமே! கூலி நாமதான குடுக்கிறோம்?"

"உக்காந்துதான் கெட்டுது" என்று அவள் கிச்சடிப் பானையைக் கிளறப் போய்விட்டாள்.

கிளப் செயலாளர் தீபேஷ் பாபு அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "விஸ்வகர்மா பூஜைக்கு பாஞ்சு இங்க இருக்கணும் நிதாய். இல்லேன்னா அடுத்த வருஷப் பந்தல் பரேஷுக்கு."

அவர் அந்த நாளைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. செப்டம்பர் நடுவில், தொழிலாளிகள் கருவிகளை வைத்துக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜையன்று எந்தப் பந்தலின் சாமி முன்னால் ஒருவன் தன் கத்தியை வைக்கிறானோ, சிலையைக் கரைக்கும் விசர்ஜனம் வரைக்கும் அவன் அந்தப் பந்தலின் ஆள். அப்புறம் இரட்டைக் கூலி கொடுத்தாலும் நகரமாட்டான்.

தங்கை அப்படி என்னத்தைப் பார்த்தாள்? நிதாய்க்குத் தலை வெடித்தது. அவள் தெரியாமல் செய்கிறவள் அல்ல. கடைசியில் ஒரு மதியம், பந்தி நடக்கும்போது, அவள் நிற்கிற இடத்திலேயே போய் நின்று பார்த்தான். அங்கிருந்து எல்லாத் தட்டும் தெரிந்தது. யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள், யார் யாருக்கு மிளகாய் கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே மேலேயும் ஒரே மூங்கிலில் ஜோடியாக நின்றார்கள்.

"இதைப் பார்த்துதான் ஆள் பிரிக்கிறியா?"

"பின்ன? மேல ஒருத்தன் பிடிக்கணும், ஒருத்தன் கட்டணும். பேசாதவனை நம்பி யார் கையை விடுவா?"

"பாஞ்சு?"

"குவிமாடம் ஆரம்பிக்கிற வரைக்கும் அவனுக்கு வேலையில்ல. சும்மா இருந்தவன் எல்லார் முடிச்சையும் அவுத்துப் பார்த்துக் குத்தம் சொன்னான். அப்புறம் சுவத்தைப் பாத்துத் தனியாச் சாப்பிட ஆரம்பிச்சான். இன்னும் பத்து நாள் இருந்திருந்தா அவனாவே ஓடியிருப்பான். ஓடிப் போனவன் திரும்பி வர வெக்கப்படுவான். அனுப்பி வெச்சவன் வரலாம்."

"வரலேன்னா?"

லதிகா கரண்டியை இரண்டு தடவை கழுவினாள். அவளுக்கும் பயம்தான் என்று நிதாய்க்கு அப்போதுதான் தெரிந்தது.

பூஜையன்று வானமெல்லாம் பட்டம். சாமி முன்னால் கத்திகள் வரிசையாக ஏறின. மந்திரம் முடியப் போகும் நேரத்தில், சிவப்புத் துணியில் சுற்றிய கத்தியோடு பாஞ்சு வந்து நின்றான்.

"என்ன தீதி, என் இடத்தை வித்துட்டியா?"

"உன் வாய்க்குப் பயந்து எவனும் வாங்கல. பரேஷ் நல்லாப் பாத்துக்கிட்டானா?"

"நல்லாத்தான். கூலி அதிகம், மீன் துண்டு பெரிசு. ஆனா அங்க எவனும் எங்கூடச் சண்டைக்கே வரல, தீதி. நான் கட்டினதுதான் சரிங்கறாங்க. எப்படி இருக்கறது அங்க?"

கூட்டம் சிரித்தது. யாரோ நகர்ந்து பந்தியில் இடம் விட்டார்கள். பாஞ்சு கத்தியை வைத்துவிட்டுப் போய் நடுவில் உட்கார்ந்தான்.

சாப்பாடு முடிந்ததும் தீபேஷ் பாபு அடுத்த வருஷ ஒப்பந்தத்தை மேஜையில் விரித்தார். பழக்கத்தில் நிதாய் பேனாவை எடுத்துவிட்டான். எடுத்தவன் ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு மூடியைக் கழற்றி, தங்கை பக்கம் நீட்டினான்.

"பேரு மாறுதே நிதாய்" என்றார் தீபேஷ் பாபு.

"இப்பத்தான் சரியாகுது பாபு."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக, ஓர் எழுத்தும் கோடு தாண்டாமல் எழுதினாள்: லதிகா மைத்தி, 17 செப்டம்பர் 2018.