மறுதலித்தவனிடம் வந்த பாத்திரம்

பிரியமானவர்களே, ஒரு வாடகை அறைக்காக நான் ஆண்டவரை மறுதலித்தேன். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, மயிலாப்பூரிலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு ஓடினேன். எங்கும் இடமில்லை. கடைசியில் ஒரு வீட்டுக்காரர், "நீங்க கிறிஸ்தவங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். சாவி கிடைத்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். மீட்பை இழக்க முடியுமா என்று எங்கள் சபையில் வாதம் வந்தால் முதலில் எழுந்து நிற்பவன் நான்தான். "விழுந்தவன் விழுந்தவன்தான், மீட்பு போயே போச்சு" என்று அடித்துப் பேசுவேன். தேனாம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த சகோதரர் மாசிலாமணி, காய்ச்சலில் கிடந்த மகனுக்குப் பயந்துபோய்த் தாயத்துக் கட்டிவிட்டார். அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிப் பின்பெஞ்சில் உட்காரவைத்ததும் நான்தான். அவர் அழுதார். நான் அசையவில்லை.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். என் வாதமே என் கழுத்தைப் பிடித்தது. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் தாங்க முடியாமல், "ஆண்டவரே, நான் இன்னும் உம்முடைய பிள்ளைதானா? எப்படியாவது சொல்லும்" என்று கதறிவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் நானே போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் கொடுப்பதில்லை, அது எங்கள் வழக்கம். அப்பம் என்னைத் தாண்டிப் போனது. பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் மாசிலாமணி! நான் ஊரில் இல்லாதபோது சபை அவரை மறுபடியும் சேர்த்திருந்தது. அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"வேணாம் பிரதர். நான் ஆண்டவரை மறுதலிச்சுட்டேன்" என்றேன்.

"இன்னா பிரதர் நீங்க? என்னைப் பின்னால ஒக்கார வெச்ச நாள்லேர்ந்து ஒங்களுக்கோசரம் ஜெபம் பண்ணிக்கினு கீறேன். நேத்து சாயந்திரம் ஒங்க நெனப்பு வுடவே இல்ல. கடைய சாத்திட்டு முட்டி போட்டேன். புடிங்க."

நேற்று சாயந்திரம்! நான் கதறிய அதே நேரம்! பாத்திரத்தை வாங்கிப் பருகினேன். அன்றே சபையார் முன் எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். வேலூர் வீட்டுக்காரருக்கும் உண்மையை எழுதிப் போட்டேன்.

மீட்பு போகுமா போகாதா என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். வாதாட எனக்கு நாக்கு எழுவதில்லை. நான் ஆண்டவரின் கையை விட்டேன், அவர் விடவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விழுந்ததை வெளியே சொல்ல முடியாமல் தவிப்பவரே, இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் தள்ளிவைத்த மனுஷனைக்கூட அவர் உங்களிடம் அனுப்புவார்.