இருபது ஊசிக்கு ஒரு நீட்டுக் கேபிள்

வில்லாபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் டீச்சர், வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளுக்காகக் குறுக்கெழுத்துப் புதிர்கள் போட்டவர். அத்தனையும் அவருடைய பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன, வேறெந்த மெஷினும் படிக்க மறுக்கும் ஒரு தமிழ் எழுத்துருவில். அச்சடித்து வைத்த தாள்களைக் கரையான் படித்து முடித்திருந்தது. புத்தகமாகப் போடலாம் என்று டீச்சர் உட்கார்ந்த வாரத்தில் மெஷின் படுத்துவிட்டது.

"கொடுங்க டீச்சர், பாத்துருவோம்" என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான சங்கடங்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு போர்டு. கோளாறு கீழ்ப் போர்டில். இரண்டையும் இணைப்பது நாலு விரல் நீளக் கேபிள். கீழ்ப் போர்டு உள்ளே இருந்தால் கரண்ட் சோதிக்கும் மீட்டரின் முனை நுழையாது. வெளியே எடுத்தால் கேபிள் எட்டாது, கரண்ட் வராது. ஆக, முதலில் ஒரு நீட்டுக் கேபிள் செய்ய வேண்டும். அதற்கு, போர்டில் கேபிள் மாட்டும் இருபது ஊசிக் கனெக்டர் என்ன ஜாதி என்று தெரிய வேண்டும். பெயரோ நம்பரோ எதுவும் அதில் இல்லை. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து இரண்டு ஊசிக்கு நடுவே அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டர். விஞ்ஞானி போல் குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவர் எதையும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்.

"எதுல வர்றதுண்ணே? வாஷிங் மெஷினா, யூபிஎஸ்ஸா, ஆட்டோ மீட்டரா?"

"கம்ப்யூட்டர். பழசு."

"எம்புட்டுப் பழசு?"

"என் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் இளையது."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து மெஷினின் நிலைமையைப் புரிந்துகொண்டார். "சாம்பிள் கொண்டாரலையா?"

"அளந்துட்டேன்" என்றேன். அந்தப் பெருமைக்கு வீட்டில் விடை கிடைத்தது. வாங்கிவந்த கனெக்டர் பாதி ஊசி வரை மரியாதையாக இறங்கியது. அதற்குமேல் முறைத்தது. அழுத்தினேன். போர்டின் இருபதாவது ஊசி வளைந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் வாசலில் நின்று, "ஆயிருச்சா தம்பி?" என்று கேட்டார். ஊசியைப் பற்றிச் சொன்னேன். "அதுல இருக்கிறதுக்கு வேற நகல் இல்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வளைந்த ஊசியைச் சாமணத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். மறுநாள் பழைய கேபிளையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதன் கனெக்டரையும் நான் வாங்கியதையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முனை சமமாக இருந்தது. மறுமுனையில் நான் வாங்கியது முக்கால் மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு இடைவெளிய அளந்தா ரெண்டும் ஒண்ணாத்தேன் தெரியும். உங்க பழசு ரெண்டரை, நீங்க வாங்குனது ரெண்டரைக்கு முடியளவு மேல. இருபது ஊசி சேர்ந்தா அந்த முடி கயிறாயிரும். முதல் ஊசியிலருந்து கடைசி ஊசி வரைக்கும் அளந்து, பத்தொன்பதால வகுக்கணும்ண்ணே. பள்ளிக்கூட ஸ்கேலே போதும்."

ஐம்பது வயதுக்குமேல் வகுத்தல் கணக்கில் தோற்றுத் திரும்புவதாக இல்லை. "சரி, இந்த ரெண்டரை எங்க கிடைக்கும்?"

"புதுசா வாராது. பழைய கேசட் டெக்கு, பிரிண்டர்ல கிடக்கும். தேடிப் பாருங்க."

தேடினேன். பழங்காநத்தத்தில் இரண்டு பழைய சாமான் கடை, திருப்பரங்குன்றம் போகிற வழியில் மூன்று. ஒவ்வொன்றிலும் ஸ்கேலோடு குந்தி முதலிலிருந்து கடைசி வரை அளந்தேன். நான்கு நாளில் நாற்பத்தேழரை மில்லிமீட்டர் என்பது என் முழங்காலுக்கே மனப்பாடமாகிவிட்டது. ஐந்தாவது கடையில், ஒரு கேசட் டெக்கின் வயிற்றுக்குள், ஊசியும் துளையுமாக, ஆணும் பெண்ணும் போல ஜோடியாகக் கிடைத்தது.

இருபது ஒயர். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை மீட்டரில் பீப் கேட்டபிறகுதான் மாட்டினேன். இந்தமுறை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. போர்டை எங்கள் சாப்பாட்டு மேசைமேல் மல்லாக்கப் போட்டு மீட்டர் வைத்தால், புளியங்கொட்டை அளவில் ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட்டாகியிருந்தது. மாற்றினேன். திரை விழித்தது.

டீச்சரைக் கூப்பிட்டேன். முதல் புதிரைத் திறந்து வாசித்தவர், "இடமிருந்து வலம் ஏழாம் நம்பர் தப்பு. யாரும் கேக்கவே இல்ல பாருங்க" என்றபடி நோட்டைப் பிரித்துத் திரையில் இருந்ததைக் கையாலேயே எழுத ஆரம்பித்தார்.

"போர்ட உள்ள வச்சு மூடிக் குடுத்துடறேன் டீச்சர்."

"ஓடுறத எதுக்குத் தொடுறீங்க? முடிச்சப்பறம் மூடிக்கலாம்."

மூன்றாவது நாளாக எழுதிக்கொண்டிருக்கிறார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.