அமைச்சர் பாதியில் விழுங்கிய பேச்சு

சட்டமன்றச் செயலகத்தில் அவளை எல்லாரும் மௌனியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் சரியான வாயாடி, அது வேறு கதை. குழுக்கூட்டம் நடக்கும் அறையில் மேசை ஓரமாக உட்கார்ந்து, உறுப்பினர்கள் கேட்பதையும் அமைச்சர்கள் மழுப்புவதையும் சுருக்கெழுத்தில் பிடிப்பது அவள் வேலை. அங்கே சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையில் எங்கும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. பெரிய மனிதர்கள் பேசுகிற லட்சணத்தை அப்படியே எழுதினால் அவர்கள் மானம் கப்பலேறிவிடும். அதனால், கோபத்தில் ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிய பேச்சைச் சுத்தப்பிரதியில் விட்டுவிடுவார்கள். முடித்துச் சொன்ன பதில் மட்டும் நிற்கும். பிரதியில் கையெழுத்துப் போட்டதும் சுருக்கெழுத்துத் தாள்கள் இயந்திரத்தில் துண்டு துண்டாகிவிடும். மூடிய கதவுக்குள் நடக்கும் கூட்டம் என்பதால் ஒலிப்பதிவும் கிடையாது.

அவளுடைய தம்பி ஒரு சின்ன நகராட்சியில் கணக்கு அதிகாரி. அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்து ஆளாக்கிய பிள்ளை. அந்த நகராட்சி புதுச் சந்தை கட்டுகிறேன் பேர்வழி என்று தகுதிக்கு மீறிக் கடன் வாங்கியது. சந்தை வெறும் தூண்களோடு நின்றுபோனது. தவணை கட்டியே கஜானா காலியாகி, துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட வழியில்லை. யார் தலையையாவது உருட்ட வேண்டுமே. கடன் பத்திரத்தில் இருந்தது தம்பியின் கையெழுத்து, அவனைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நகராட்சித் துறை அமைச்சரே போனில் கூப்பிட்டு வாங்கச் சொன்னார் என்று அவன் தலைதலையாய் அடித்துக்கொண்டான். போனில் சொன்னதற்கு ஏது அத்தாட்சி? அமைச்சர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டால்தான் அவனுக்கு வேலையும் மானமும் மிஞ்சும்.

விவகாரம் குழுவுக்கு வந்தது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் சுருக்கெழுத்தர் முன்னாலேயே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் சொல்லவில்லை. அமைச்சர் என்ன சொல்கிறார் என்று தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்ற பாழாய்ப்போன ஆசை.

எதிர்க்கட்சி உறுப்பினரான டீச்சரம்மா, முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர், லேசில் விடமாட்டார். கடன் வாங்கச் சொன்னது யார் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அமைச்சர் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுப் பார்த்தார், திட்டத்தின் பெருமையை அளந்தார், கடைசியில் பொறுமை போய்விட்டது.

"ஆமாம்மா, நான்தான் வாங்கச் சொன்னேன். அதுக்காக அவங்க..."

துறைச் செயலாளர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் எழுந்து நின்று ஒரே கூச்சல். குழுத் தலைவர் மேசையைத் தட்டி அடக்கியதும், அமைச்சர் தண்ணீர் குடித்துவிட்டு, துறை அப்படி எந்த அறிவுறுத்தலும் தரவில்லை என்று நிதானமாகச் சொன்னார்.

அவள் விரல்கள் எல்லாவற்றையும் பிடித்தன. ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில், எழுத உட்கார்ந்தால் அவளுக்குக் காதும் கையும்தான் வேலை செய்யும், பேச்சின் பொருள் மண்டையில் ஏறாது. கேட்கத்தான் போனாள், கேட்காமலே எழுதினாள். பிறகு தட்டச்சு செய்யும்போதும் கை தன் வழக்கப்படி பாதிப் பேச்சைத் தள்ளிவிட்டு முழுப் பதிலை வைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாள்களை இயந்திரத்துக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் அமைச்சரின் குரல் அவளுக்கு உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் திரும்ப ஓடினாள். இயந்திரத்தின் கூடையைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் குழுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏதோ அப்படிக் காதில் விழுந்த மாதிரி இருக்கிறது, கூச்சலில் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்றார் டீச்சரம்மா. தலைவர் மௌனியக்காவைப் பார்த்து, இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்று கேட்டார்.

"அந்தக் கணக்கு அதிகாரி என் கூடப்பிறந்த தம்பிங்க ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. தம்பிக்காக அக்கா சொல்ற சாட்சிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

குழுவின் அறிக்கை சபைக்கு வந்தது. துறை மீது குற்றமில்லை, அதிகாரி தன்னிச்சையாகக் கையெழுத்திட்டார் என்று முடித்திருந்தார்கள். தம்பியின் வேலை போய்விட்டது. அறிக்கையும் அதன் பின்னால் கோத்திருந்த பிரதியும் அவன் கைக்கு வந்த அன்று, அவள் வீட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து முழுசாகப் படித்தான். அடியில் அவள் கையெழுத்தைப் பார்த்ததும், இது நீ எழுதினதாக்கா என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீ எழுதினா ஒரு எழுத்து பிசகாது," என்றான். அவன் முகத்தில் கோபமே இல்லை. "அப்ப போன்ல நான்தான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல. அவர் வாங்கச் சொல்லவே இல்லையோ என்னமோ."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அமைச்சர் சொன்னதை, தன் கை அதைத் தள்ளியதை, காலியான கூடையை, ஒன்று விடாமல். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு தன் சட்டை நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"விடுக்கா. எனக்காகப் பொய் சொல்லாத."