மாப்பிள்ளைக்கு நெறி கட்டியது

கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கப் போன இடத்தில் நோய் கண்டுபிடித்துக் கொடுப்பார்களா? போன வாரம் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை, என் மனைவியின் தம்பி றவூப். மருதமுனையில் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரம் விற்கிறவர். முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பொத்துவிலில் பெண் அமைந்து, வெள்ளிக்கிழமை நிக்காஹ். கல்முனை டெய்லர் கொலருக்கு டேப்பைச் சுற்றியவர், பிடரியில் விரலை நிறுத்தினார். காதுக்குப் பின்னாலும் தடவினார். இரண்டு பக்கமும் கச்சான் கடலை அளவில் நெறி கட்டியிருந்தது.

கடையில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார் — கசமாகவும், அதுதான் காசநோயாகவும், இருக்கலாமாம். அவ்வளவுதான். மச்சானின் முகத்தில் இரத்தமே இல்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவோம், அதுவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றேன். கேட்டால்தானே?

"ஒளிச்சி நிக்காஹ் முடிக்க ஏலா மச்சான். அந்தப் புள்ளைக்கித் தெரியணும்."

பொத்துவிலுக்குத் திரும்பிய மீன் லொறியில் சொல்லியனுப்பியே விட்டார். வீட்டில் என் மனைவி அழுதாள். அவரோ சோற்றைத் தொடவில்லை. கழுத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி...

காலையில் நாங்கள் டொக்டரின் அறைக்குள் நுழையவும், பெண்ணின் வாப்பா முதல் பஸ்ஸில் வந்து சேரவும் சரியாக இருந்தது. அவரும் கூடவே உள்ளே வந்துவிட்டார். வெளியே நில்லுங்கள் என்று மாமனாரிடம் சொல்ல முடியுமா?

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்தை அமுக்கினார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இருமல், காய்ச்சல், மெலிவு — எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். பிறகு தலைமயிரைப் பிரித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"கழுத்தில ஒரு பிழையுமில்லை. தலைக்கு என்ன பூசினனீங்கள்?"

மச்சான் தரையைப் பார்த்தார். நரைக்குப் பூசும் கறுப்பு டை! அது ஒத்துக்கொள்ளாமல் தலையெல்லாம் புண். புண்ணில் சீழ் வைத்ததால்தான் நெறி கட்டியிருக்கிறது என்றார் டொக்டர். புண் ஆறக் குளிசை எழுதினார். தலையை மழித்துவிடவும் சொன்னார்.

நான் மெல்ல மாமனாரைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அழுகிறாரோ? இல்லை... சிரிக்கிறார்.

"நீங்க பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே உங்கட நரைய மகள் ஜன்னலால கண்டுட்டா. நரைச்ச மனிசன் நிதானமா இரிப்பார் என்டுதான் ஓம் என்டவ."

எனக்கும் அடக்க முடியவில்லை. டொக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சான் மட்டும் காது வரை சிவந்துபோனார். ஆனாலும் தேநீர்க் கடையில் முந்தின இராப் பட்டினிக்கும் சேர்த்து அவர் பராட்டா தின்ற வேகம் இருக்கிறதே... அதில் நிதானம் ஒன்றையும் நான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையின் தலையில் நரையும் இல்லை, முடியும் இல்லை.

கழுத்தில் நெறி கட்டினால் ஊர் சொல்வதைக் கேட்டுப் பயப்படாமல் டொக்டரிடம் போங்கள். மாமனாரைக் கூட்டிக்கொண்டு போவது உங்கள் விருப்பம்.