தகுதியற்றது என்று திரை சொன்னது

'இந்தக் கணினி புதிய பதிப்புக்குத் தகுதியற்றது.' திரையில் வந்த அந்த ஒற்றை வரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பட்டிமன்ற மேடைகளில் எதிரணியினர் என்னை எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காரணமாவது சொல்வார்கள். மறுத்துப் பேச எனக்கும் மூன்று நிமிடம் கிடைக்கும். இந்த வரிக்குக் கீழே 'சரி' என்ற ஒரே ஒரு பொத்தான் இருந்தது. தீர்ப்பும் அவர்களுடையது, ஒப்புதலும் அவர்களே எழுதி வைத்தது.

அந்தக் கணினியில்தான் என் அம்மாவின் பிழைப்பு இருந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஜெராக்ஸ் கடையொன்றில் பதினோரு ஆண்டுகளாக அவர் மனு தட்டச்சு செய்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள். பட்டா மாறவில்லை, வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று காலை எட்டு மணிக்கே கடை வாசலில் கூட்டம் சேரும். வந்தவர் பாதி அழுகையிலும் பாதிக் கோபத்திலும் சொல்வதை அம்மா ஒரே பக்கத்தில், ஒரு சொல் வீணாகாமல் அடக்கிவிடுவார்.

இந்த ஆண்டு கோடையில் அந்தக் கணினியில் இணையப் பக்கங்கள் பாதி திறந்து பாதியில் நின்றன. உள்ளிருந்த இயங்குதளம் பழையது; அதைச் செய்த நிறுவனம் கைகழுவி வெகு நாளாகிவிட்டது. ரிப்பேர்காரர் புதிய பதிப்பைப் போடப் பார்த்தபோதுதான் மேலே சொன்ன வரி வந்தது. கடை உரிமையாளர் அம்மாவைவிட இளையவர். "அக்கா, புது சிஸ்டம் எடுக்கறேன். அதுக்குப் புது ஆளும் பாத்துட்டேன். நீங்க ஜெராக்ஸ் மிஷினைப் பாத்துக்குங்க" என்றாராம். நாள் முழுதும் நின்றபடி, கம்மிச் சம்பளத்துக்கு.

அம்மா இதைச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். மறுநாளே கடைக்குப் போனேன்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் குடுங்கண்ணா. இதையே புதுசாக்கித் தரேன்."

"மேடையில ஜெயிக்கற மாதிரி இல்லம்மா இது. ரிப்பேர்காரனே கைய விரிச்சிட்டான்."

"அவரு விரிச்சாரு. நான் விரிக்கலையே."

"கெடுத்து வெச்சியானா திங்கக்கிழமை கூட்டத்துக்கு நீயே வந்து பதில் சொல்லு" என்று சாவியைக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் நடந்துதான் போகவேண்டும். அம்மா பையை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

"நீ வந்து என்னம்மா பண்ணப் போறே? உனக்கு ஒண்ணும் புரியாது."

அம்மா பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

கடையில் முதலில் பழைய மனுக்களை எல்லாம் நகலெடுத்தேன். பிறகு தகுதிச் சோதனையைத் தாண்டிப் போகும்படி தயாரித்திருந்த பென் டிரைவைச் செருகினேன். இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாம் முறை முழுதாக ஏறியது. செயலி ஓடியது, நினைவகம் போதுமானதாக இருந்தது, இணையப் பக்கங்கள் முழுதாகத் திறந்தன. ஓட முடியாத இயந்திரமென்று எதை முத்திரை குத்தினார்களோ, அது ஓடவிடப்படாத இயந்திரம். இல்லாதது ஏதோ ஒரு பாதுகாப்புச் சில்லு. அதற்காக உலகமெங்கும் எத்தனை நல்ல கணினிகளைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள் என்று நினைக்க நினைக்கக் கொதித்தது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில், நான் வழக்கமாக அடிப்பதுபோல், ஒரு வரி அடித்து அச்செடுத்தும் பார்த்தேன். வென்றுவிட்டதாக வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை அம்மாவோடு நானும் கடைக்குப் போனேன். முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூர் விவசாயி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட தன் கொல்லைக்குப் போகும் பாதையைப் பக்கத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்றார். அம்மா வழக்கம்போல் விசைகளைப் பார்க்காமலே தட்டினார். திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை. பத்து விரல்களும் அப்படியே மேலெழுந்து நின்றன.

"எழுத்தெல்லாம் எங்கடி போச்சு?"

அம்மா தட்டச்சுப் பள்ளியில் படித்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ, அங்கேதான் அவர் விரல் போகும். பழைய இயங்குதளத்தில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. புதியதில் நான் அதைப் போடவில்லை. அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"இங்கிலீஷ்ல அடிம்மா, தமிழா மாறிடும்" என்றேன். அம்மா ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடத் தொடங்கினார். உரிமையாளர் பின்னால் வந்து நின்றார்.

"புதுசாக்கிட்டே, சரி. யாரு அடிக்கறது? இதுக்குத்தான் அக்கா புது ஆளுன்னேன்."

எனக்கு அடங்கவில்லை. தகுதி என்பதை யார் தீர்மானிப்பது என்று தொடங்கினேன். பதினோரு ஆண்டு உழைப்பை ஒரு பொத்தானில் அழிப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். கூட்டம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத்தான் பேசறம்மா. உள்ள டோக்கன் முடிஞ்சிடும். என் மனு என்னாச்சு?"

அம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "என் எழுத்து இதுல வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

அந்த நிறுவனம் இயந்திரத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் தகுதியற்றது என்றது. நான் என் அம்மாவை ஒரு கேள்வியும் கேட்காமல் உனக்குப் புரியாது என்றேன். அதுவரை வெளியே பாய்ந்துகொண்டிருந்த கோபம் திரும்பி என் மேலேயே விழுந்தது.

என் கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துத் தேடினேன். தட்டச்சுப் பொறியின் அதே விசை அமைப்பை யாரோ ஒருவர் புதிய இயங்குதளத்துக்கும் எழுதி இலவசமாக வைத்திருந்தார். நான் அதை நிறுவுவதற்குள் அம்மா பேனாவை எடுத்து அந்த மனுவைக் கையாலேயே எழுதி முடித்துவிட்டார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்து அதைப் பார்த்துத் தட்டினார். எழுத்துகள் சரியாக விழுந்தன. ஒரு பக்கம் முடிய நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. விவசாயி மனுவை வாங்கிக்கொண்டு அலுவலக வாசலை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

உரிமையாளர் அடுத்தவரை உள்ளே விட்டார். மதியம் கூட்டம் கலைந்தபின், "அந்தப் புதுப் பொண்ணை வர வேணாம்னு சொல்லிடறேன்க்கா" என்றார். அம்மா என்னிடம், "அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

இன்றும் திரையின் வலது மூலையில் மங்கிய எழுத்தில் அந்த வாசகம் இருக்கிறது: இந்தக் கணினி தகுதியற்றது. அதை எப்படி மறைப்பதென்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டார். 'மனுவுக்குக் கைபேசி எண் சொல்ல மறக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாளின் ஓரத்தைத் தூக்கி, அந்த வரி போய்விட்டதா என்று பார்க்கிறேன்.

"கிழிச்சிடாதே" என்கிறார் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல்.